ஆஃப்ஸ்டெட்டின் புது ரிப்போர்ட் கார்டு: ஒரு பேரண்ட் கவர்னரின் அனுபவம்

இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கிற தமிழ்க் குடும்பங்களில், பள்ளிகளை ஆய்வு செய்கிற அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு இருக்காது. வீடு பார்க்கப் போனால் சமையலறையைக் காட்டுவதற்கு முன்பே ஏஜென்ட் சொல்வது, "பக்கத்திலேயே அவுட்ஸ்டாண்டிங் ஸ்கூல்" என்பதைத்தான். ஆய்வில் பள்ளிக்குக் கிடைக்கிற உச்ச கிரேடான அந்த ஒரு வார்த்தைக்காகத் தகுதிக்கு மீறிக் கடன் வாங்கி, இருந்த வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்கு மாறியவர்களை எனக்கு நேரிலேயே தெரியும். இப்போது அந்த வார்த்தை இல்லை. 2024 செப்டம்பர் 2 முதல் அரசுப் பள்ளிகளுக்கு ஒட்டுமொத்தமாக ஒரே கிரேடு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பர் 10 முதல் ரிப்போர்ட் கார்டு என்ற புது முறையில் ஆய்வு நடக்கிறது.

நான் லண்டன் ஓரத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் பேரண்ட் கவர்னராக இருக்கிறேன். பழைய முறையில் ஒரு ஆய்வு, புது முறையில் ஒரு ஆய்வு, இரண்டையும் உள்ளே உட்கார்ந்து பார்த்தாயிற்று. பள்ளியின் பெயர் வேண்டாம், ஹெட் டீச்சருக்குச் சங்கடம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது ஆளாளுக்குக் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான், அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கவர்னர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று ஊரில் இருக்கிற என் மாமியார் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். சம்பளம் கிடையாது. பெற்றோர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், பொதுவாக நான்கு வருடம். பள்ளியை நடத்துவது ஹெட், அவர் சரியாக நடத்துகிறாரா என்று கேள்வி கேட்பது நாங்கள். பட்ஜெட், பாதுகாப்பு, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், ஆசிரியர்கள் களைத்துப்போகாமல் இருக்கிறார்களா, இதெல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் வரும். ஆசிரியர் அனுபவம் எதுவும் தேவையில்லை. எனக்கும் இல்லை, நான் கணினித் துறை.

பழைய முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எது மாறியது என்பது அதைத் தெரிந்தால்தான் புரியும். 1992-ல் சட்டம் போட்டு ஆரம்பித்தது ஆஃப்ஸ்டெட். நமக்கெல்லாம் பழக்கமான அந்த நான்கு கிரேடுகள், மேலிருந்து கீழாக, அவுட்ஸ்டாண்டிங், குட், ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட், இன்அடிக்வேட். மூன்றாவதுக்கு 2012 வரை சாட்டிஸ்ஃபாக்டரி என்று பெயர் இருந்தது. 'திருப்தி' என்று எழுதிவிட்டுத் திருப்தி இல்லை என்று சொன்னால் எப்படி என்று பெயரை மாற்றினார்கள் போலும். அதே 2012-ல் இன்னொன்றும் செய்தார்கள். அவுட்ஸ்டாண்டிங் வாங்கிய பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்வு தேவையில்லை என்று விலக்கு கொடுத்தார்கள், அது 2020 வரை நீடித்தது. அதன் விளைவு, சில பள்ளிகளின் கேட்டில் தொங்கிய பேனர் பத்து வருடத்துக்கும் மேல் பழையது. அந்த கிரேடு வாங்கிய ஹெட் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், பாதி ஆசிரியர்கள் மாறியிருப்பார்கள், பேனர் மட்டும் வெயிலில் வெளுத்துக்கொண்டு தொங்கும். அதைப் பார்த்துத்தான் நாம் வீடு வாங்கினோம்.

எங்கள் பள்ளியில் நான் பார்த்த முதல் ஆய்வு, 2019-ல் வந்த முறையின்படி நடந்தது. முந்தின நாள் போன் வரும், மறுநாள் காலையில் வாசலில் நிற்பார்கள். சில பாடங்களைத் தேர்ந்தெடுத்து 'டீப் டைவ்' என்று ஆழமாகத் தோண்டுவார்கள். பெரிய மேல்நிலைப் பள்ளியில் வரலாற்றுக்கென்று ஒரு துறைத் தலைவர் இருப்பார், சரி. ஆரம்பப் பள்ளியில் வரலாற்றுக்குப் பொறுப்பு என்றால் அது நாள் முழுவதும் நான்காம் வகுப்பு எடுத்துவிட்டு, மாலையில் நோட்டுத் திருத்திவிட்டு, மிச்ச நேரத்தில் வரலாற்றுப் பாடத்திட்டத்தையும் பார்த்துக்கொள்கிற ஒரு டீச்சர். அவரை உட்கார வைத்து, முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஆறாம் வகுப்பில் எங்கே வந்து சேர்கிறது என்று குடைந்தால் பாவமாக இருக்காதா?

கவர்னர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். வாசிப்பில் எங்கள் பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். ஆய்வாளர் அம்மா எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஹெட்டின் அறிக்கையில் இருந்தது என்றேன். "அந்த அறிக்கை சரிதானா என்று எப்படிப் பார்த்தீர்கள்?" என்றார். பக்கத்தில் இருந்த சக கவர்னர், ஓய்வு பெற்ற கணக்காளர், மெதுவாகத் தன் கோப்பைத் திறந்து, அவர் பள்ளிக்கு வந்து ஃபோனிக்ஸ் (எழுத்தொலி வழியாக வாசிக்கப் பழக்கும்) வகுப்பைப் பார்த்த தேதியையும், பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு எழுதிய குறிப்பையும், அது எந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் பதிவாகியிருக்கிறது என்பதையும் காட்டினார். அதற்கு அப்புறம் அந்த விஷயத்தில் கேள்வி வரவில்லை. புதிதாகக் கவர்னர் ஆகிறவர்கள் யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்: மனப்பாடம் செய்யாதீர்கள், போய்ப் பாருங்கள், பார்த்ததை மினிட்ஸில் ஏற்றுங்கள். முறை மாறிய பிறகும் அந்தக் கேள்வி மாறவில்லை.

இந்த மாற்றம் ஏன் வந்தது என்பதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ரெடிங் நகரில் கேவர்ஷம் ஆரம்பப் பள்ளியின் ஹெட்டாக இருந்த ரூத் பெரி 2023 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய நவம்பரில் நடந்த ஆய்வில் அந்தப் பள்ளி அவுட்ஸ்டாண்டிங்கிலிருந்து நேராக இன்அடிக்வேட்டுக்கு இறக்கப்பட்டிருந்தது. கற்பித்தல், ஒழுக்கம், பிள்ளைகளின் வளர்ச்சி எல்லாவற்றிலும் குட். பாதுகாப்பு நடைமுறைகளில் குறை இருந்ததால் நிர்வாகத்துக்கு இன்அடிக்வேட், அதனால் மொத்தப் பள்ளிக்கும் இன்அடிக்வேட். அந்த முடிவு வெளியே வரும்வரை யாரிடமும் மனம் விட்டுப் பேசக்கூட முடியாத நிலை. 2023 டிசம்பரில் மரண விசாரணை நடத்திய கொரோனர், அந்த ஆய்வும் மரணத்துக்கு ஒரு காரணம் என்று பதிவு செய்தார். எங்கள் கவர்னர் கூட்டத்தில் அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் இருந்த எதையும் பேசவில்லை. ஹெட் அறையை விட்டு வெளியே போன பிறகு, அடுத்த ஆய்வு நாட்களில் அவருடன் கூட யார் இருப்பது என்று மட்டும் முடிவு செய்தோம். இப்போது ஆய்வு முடிவை வெளியிடுவதற்கு முன்பே ஹெட் தன் குடும்பத்தாரிடமோ டாக்டரிடமோ சக ஊழியரிடமோ பேசலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் 2024-ல் புதிய தலைமை ஆய்வாளர் மார்ட்டின் ஆலிவர் வந்தார், 'பிக் லிசன்' என்று கருத்துக் கேட்டார்கள், செப்டம்பரில் ஒற்றை வார்த்தை போனது. இடைப்பட்ட ஒரு வருடம், கற்பித்தல், ஒழுக்கம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் கொடுத்த பழைய துணைக் கிரேடுகள் மட்டும், மொத்தக் கிரேடு இல்லாமல். 2025 செப்டம்பரில் புது முறையை இறுதி செய்து நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

புது முறையில் ஒரு பள்ளிக்கு ஒரு கிரேடு இல்லை, ஒரு கட்டம். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போவது, பாடத்திட்டமும் கற்பித்தலும், பிள்ளைகள் எட்டிய நிலை, வருகையும் ஒழுக்கமும், தனிப்பட்ட வளர்ச்சியும் நலமும், தலைமையும் நிர்வாகமும் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. நர்சரி, ரிசெப்ஷன் (முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) இருந்தால் அதற்கொன்று, சிக்ஸ்த் ஃபார்ம் (16 வயதுக்கு மேற்பட்டோருக்கான வகுப்புகள்) இருந்தால் அதற்கொன்று. ஒவ்வொரு வரிசைக்கும் ஐந்து நிலைகள்: மேலிருந்து எக்செப்ஷனல், ஸ்ட்ராங் ஸ்டாண்டர்ட், எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட், நீட்ஸ் அட்டென்ஷன், அர்ஜென்ட் இம்ப்ரூவ்மென்ட். பாதுகாப்புக்கு மட்டும் நிலை கிடையாது, 'மெட்' அல்லது 'நாட் மெட்', அவ்வளவுதான்.

ஆய்வு நாட்களின் நடையும் மாறியிருந்தது. திங்கட்கிழமை போன் வந்தது, செவ்வாய் காலை வந்தார்கள். இப்போதெல்லாம் திங்கட்கிழமைதான் சொல்வார்கள் என்பதால், திங்கள் மதியம் தாண்டிவிட்டால் அந்த வாரம் பிழைத்தோம் என்று ஸ்டாஃப் ரூமில் டீ போடுகிறார்களாம். திங்கள் மதியமே எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவர் ஹெட்டிடம் நிறைய நேரம் பேசினார். பள்ளியின் தரப்பில் ஆய்வாளர்களோடு கூடவே இருந்து எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க 'நாமினி' என்று ஒருவரை நியமிக்கலாம், எங்கள் டெபுட்டி ஹெட் அதைச் செய்தார். டீப் டைவ் போய்விட்டது, வரலாற்று டீச்சர் நிம்மதியாக வகுப்பெடுத்தார். அதற்குப் பதிலாக அவர்கள் குறிப்பிட்ட சில பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பையனுக்குப் பேச்சில் சிரமம் என்று எப்போது கண்டுபிடித்தீர்கள், என்ன உதவி கொடுத்தீர்கள், அது பலித்ததா என்று எப்படிப் பார்த்தீர்கள், இப்போது வகுப்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறான், காட்டுங்கள் என்று அந்தப் பையனைத் தேடி வகுப்புக்கே போனார்கள். கவர்னர்களிடமும் அதே திசையில்தான் கேள்வி: வசதி குறைந்த பிள்ளைகளுக்காக வரும் பியூபில் பிரீமியம் பணத்தை எதில் செலவழித்தீர்கள், அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன மாறியது. பணம் செலவான கணக்கு எங்களிடம் இருந்தது. இரண்டாவது பாதிக்கு ஹெட் தயாரித்திருந்த ஒரு பக்கக் குறிப்புதான் கைகொடுத்தது.

ஒரு பள்ளி நல்ல பிள்ளைகளை வைத்து நல்ல ரிசல்ட் காட்டுவது பெரிய காரியமில்லை. சிரமப்படுகிற பிள்ளையை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் பள்ளியின் தரம் தெரியும் என்பது என் கட்சி. அந்த விதத்தில் புது முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆசிரியர் சங்கங்களும் ஹெட் டீச்சர் சங்கங்களும் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முன்பு நான்கு கிரேடு, இப்போது இத்தனை வரிசைக்கு ஐந்து நிலைகள், ஒரு கத்தியை எடுத்துவிட்டு ஏழு பிளேடு வைத்தால் பாரம் குறைந்துவிடுமா என்கிறார்கள். எங்கள் ஹெட்டின் முகத்தைப் பார்த்தவள் என்ற முறையில், குறையவில்லை.

எங்கள் கார்டு வந்தது. பெரும்பாலும் எக்ஸ்பெக்டட், ஒன்றிரண்டு ஸ்ட்ராங், வருகை வரிசையில் மட்டும் நீட்ஸ் அட்டென்ஷன். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மார்க் வைத்து, கூட்டி, பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிட்டு, நாம் இத்தனையாவது இடம் என்று போட்டுவிட்டார். எக்செல் ஷீட்டோடு! ஒற்றை வார்த்தையை அரசாங்கம் முன்வாசல் வழியாக அனுப்பிவைத்தது, நாம் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்துவந்துவிட்டோம். தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு தம்பி, "அக்கா, முன்னாடி குட், இப்ப எக்ஸ்பெக்டட்னா இறங்கிட்டோம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். இல்லை. எக்ஸ்பெக்டட் என்றால் பாஸ் மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய முறையில் எது பொதுவாகப் பொருந்துகிறதோ அந்த கிரேடு. புது முறையில் எக்ஸ்பெக்டட் வாங்க வேண்டுமென்றால் அந்த வரிசையில் பட்டியலிட்டிருக்கும் எல்லா அம்சங்களும் இருக்க வேண்டும், ஒன்று நன்றாக இருப்பதை வைத்து இன்னொன்றைச் சரிக்கட்ட முடியாது. அதனால் வரிசை முழுவதும் எக்ஸ்பெக்டட் வாங்கிய பள்ளி நல்ல பள்ளி. ஸ்ட்ராங் என்பது அதற்கு மேலும் ஒரு படி.

வருகை வரிசையைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் நம் கை இருக்கிறது. இங்கே பள்ளி வருடம் 190 நாள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 19 நாள் போனால் அந்தப் பிள்ளை 'பெர்சிஸ்டன்ட் அப்சென்ட்' கணக்கில் சேர்ந்துவிடும். சித்தப்பா மகள் கல்யாணம் என்று சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மூன்று வாரம் போனால் 15 பள்ளி நாள் காலி. அதோடு இரண்டு முறை காய்ச்சல் வந்தால் முடிந்தது. அபராதம் உண்டு, 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்றால் 320. மூன்று வருடத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் நேராக 160-தான். எல்லோரும் கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள், கோடை விடுமுறையில் டிக்கெட் விலை ஏறுகிற ஏற்றத்துக்கு அபராதமே மலிவு என்று. அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது, நானும் அதே டிக்கெட்டைத்தான் வாங்குகிறேன். ஆனால் அப்படிப் போன குடும்பங்களே கார்டைப் பார்த்து, "ஏன் அட்டெண்டன்ஸில் இப்படி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டபோது எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கட்டாயம் போக வேண்டிய காரியம் என்றால் பொய் சொல்லிக் காய்ச்சல் என்று எழுதாதீர்கள். முன்கூட்டியே ஹெட்டுக்குக் கடிதம் கொடுங்கள். அனுமதி கிடைக்காமல் போகலாம், ஆனால் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பள்ளிக்குத் தெரிந்திருக்கும். பாதுகாப்பு விஷயத்தில் அது அவர்களுக்கு முக்கியம்.

சரி, பள்ளி தேடுகிறவர்களுக்கு.

முதலில் தேதியைப் பாருங்கள். ஆஃப்ஸ்டெட் இணையதளத்தில் ஒரே ஊரில் மூன்று விதமான அறிக்கை கிடைக்கும்: ஒட்டுமொத்த கிரேடு இருக்கிற பழையது, துணைக் கிரேடு மட்டும் இருக்கிற இடைக்காலத்தது, புது ரிப்போர்ட் கார்டு. இவற்றை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட முடியாது. இன்னும் சில வருடம் இந்தக் குழப்பம் இருக்கும், எல்லாப் பள்ளிக்கும் புது முறை வந்து சேர வேண்டுமே. தனியார் பள்ளிகளில் பலவற்றை ஆஃப்ஸ்டெட் பார்ப்பதே இல்லை, ஐஎஸ்ஐ என்ற வேறு அமைப்பு பார்க்கிறது. கார்டிஃபில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஆஃப்ஸ்டெட் அறிவுரை சொல்லாதீர்கள். வேல்ஸில் எஸ்டின் பார்க்கிறது, அவர்கள் 2022-லேயே கிரேடு போடுவதை விட்டுவிட்டார்கள்.

கட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். 'பிள்ளைகள் எட்டிய நிலை' என்ற வரிசை தேசியத் தேர்வு முடிவுகளைப் பெரிதும் பார்க்கிறது. வகுப்பில் பிள்ளைகள் குறைவான சின்னப் பள்ளியில் நாலைந்து பேர் சரியாக எழுதாவிட்டாலே அந்த வருடத்துப் படம் மாறிவிடும். நான் முதலில் தேடிப் படிப்பது 'இன்க்ளூஷன்', அதாவது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போவது என்ற வரிசையைத்தான். என் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று தாண்டிப் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மா ஒருவர், அந்த வார்த்தையை யாருக்கும் கேட்காமல் என் காதருகே வந்து சொல்லிவிட்டு, "அந்த வரிசை ஸ்ட்ராங்காக இருந்தால் அங்கே அந்த மாதிரிப் பிள்ளைகள் அதிகம் என்று அர்த்தமா?" என்று கேட்டார். அவருக்கு வேண்டிய பள்ளியே அதுதான் என்று புரிய வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பள்ளியில் ஆங்கிலம் புதிதாகக் கற்கிற பிள்ளைக்கும், திடீரென்று தாத்தா இறந்து மனம் சோர்ந்துபோன பிள்ளைக்கும்கூட, யார் சிரமப்படுகிறார்கள் என்று சீக்கிரம் கவனிக்கிற ஆசிரியர்கள் இருக்கிற பள்ளிதான் உதவும்.

ஓப்பன் டேக்குப் போனால் ரிசல்ட் என்ன என்று கேட்காதீர்கள், அது இணையத்தில் இருக்கிறது. கார்டில் எந்த வரிசை பலவீனமோ அதை விரலால் காட்டி, இதற்கு இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். மழுப்புகிறாரா, உடனே விவரமாகச் சொல்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் போனார்கள், ஹெட் எத்தனை வருடமாக இருக்கிறார் என்பதையும் கேட்கலாம். முடிந்தால் வேலை நாளில், பிள்ளைகள் இருக்கும்போது போய்ப் பாருங்கள். சனிக்கிழமை சுத்தப்படுத்தி வைத்த பள்ளியில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

விண்ணப்பத் தேதியை விட்டுவிடாதீர்கள்: ஏழாம் வகுப்புக்கு அக்டோபர் 31, ரிசெப்ஷனுக்கு ஜனவரி 15. எவ்வளவு ஆராய்ந்தாலும் பல பள்ளிகளில் கடைசியில் முடிவு செய்வது வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம்தான். எனவே கிடைக்கக்கூடிய நான்கைந்து பள்ளிகளின் அறிக்கையை மட்டும் படித்தால் போதும், லண்டன் முழுவதையும் படித்து ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் 'பேரண்ட் வியூ'. ஆஃப்ஸ்டெட் இணையதளத்தில் பெற்றோர் கருத்துச் சொல்கிற இடம் அது. வருடத்தில் எந்த நாளும் நிரப்பலாம், ஆனால் ஆய்வு அறிவித்ததும் பள்ளி அனுப்புகிற இணைப்பைப் பார்த்து நிரப்பக் கிடைப்பது ஓரிரு நாள்தான். எங்கள் பள்ளியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, ஆனால் நிரப்பினீர்களா என்று நான் கேட்ட வீடுகளில் பாதிக்கு மேல் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆங்கிலம் சரியாக வராது என்றார் ஒரு பாட்டி, பேரனைக் கொண்டுவந்து விடுவதே அவர்தான். பெரும்பாலும் டிக் அடிக்கிற கேள்விகள்தான், மகளையோ மருமகனையோ கூட வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பள்ளி நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றும், கொடுமைப்படுத்தல் புகாரைப் பள்ளி கண்டுகொள்ளவில்லை என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள். திங்கட்கிழமை பள்ளியிலிருந்து அந்த மெசேஜ் வந்தால் அன்றைக்கு ராத்திரியே நிரப்பிவிடுங்கள்.